மிஞ்சிய முப்பது இலட்சம் சீட்டுகள்: தேர்தல் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
தேர்தல் ஆணைக்குழு,
தேர்தல்கள் செயலகம்,
சரண மாவத்தை, இராஜகிரிய.

மதிப்புக்குரியவர்களே,

2024 செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலின் இறுதி முடிவை மறுநாள் அறிவித்தீர்கள். முதல் எண்ணிக்கையில் யாரும் பாதியைத் தாண்டாததால், முதலிருவர் தவிர மற்ற எல்லாரையும் விலக்கி, அவர்களுடைய சீட்டுகளில் உள்ள 2ஆம், 3ஆம் தெரிவுகளைப் பார்க்கும் இரண்டாம் எண்ணிக்கை நடந்தது. அதன் முடிவில்: அநுர குமார திசாநாயக்க 5,740,179. சஜித் பிரேமதாச 4,530,902. இரண்டையும் கூட்டினால் 10,271,081. ஆனால் செல்லுபடியான வாக்குகள் 13,319,616. கழித்துப் பார்த்தால் 3,048,535 மிஞ்சுகிறது. முப்பது இலட்சத்துக்கும் மேல். இவை நிராகரிக்கப்பட்ட சீட்டுகள் அல்ல. நிராகரிக்கப்பட்ட 300,300 தனிக் கணக்கு. இவை எல்லாம் ஒழுங்காக அடையாளமிட்ட, செல்லுபடியான சீட்டுகள். இரண்டாம் எண்ணிக்கையில் அந்த இருவரில் ஒருவருக்கும் போய்ச் சேராமல் நின்றவை.

அந்த முப்பது இலட்சத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். கேட்பது பெரிய விஷயம் இல்லை. அடுத்த முறை இரண்டாம் எண்ணிக்கை வந்தால், இப்படி மிஞ்சும் குவியலை இரண்டாகப் பிரித்து எண்ணி, எந்தப் பக்கம் எவ்வளவு என்று அறிவியுங்கள்.

இரண்டு என்று ஏன் சொல்கிறேன் என்றால், சீட்டு மிஞ்சுவதற்கு இரண்டு வழிதான் இருக்கிறது. ஒருவர் ரணில் விக்கிரமசிங்கவுக்கு நேரே புள்ளடி மட்டும் இட்டு, மடித்துப் பெட்டியில் போட்டார் என்று வையுங்கள். ரணில் முதலிருவருக்குள் வரவில்லை. சீட்டில் வேறு அடையாளம் இல்லை. அந்தச் சீட்டு அங்கேயே முடிந்தது. இன்னொருவர் அரியநேத்திரனுக்கு 1, ரணிலுக்கு 2, நாமல் ராஜபக்ஷவுக்கு 3 என்று எழுதினார். சட்டம் தந்த மூன்று தெரிவையும் அவர் பயன்படுத்திவிட்டார். மூவருமே விலக்கப்பட்டார்கள். அவருடைய சீட்டும் அங்கேயே முடிந்தது. உங்கள் மேசையில் இரண்டும் ஒரே கட்டில் விழும். கணக்குத் தெரிந்தவனுக்கு இவை இரண்டும் இரண்டு வியாதி. முதலாவதுக்கு மருந்து வாக்காளருக்கு விளக்கம் சொல்வது. அது உங்கள் கையில் இருக்கிறது. இரண்டாவதுக்கு மருந்து சட்டத்தை மாற்றுவது. அது பாராளுமன்றத்தின் கையில். எது எவ்வளவு என்று தெரியாமல் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கத்தான் முடியும்.

பிரிப்பது கடினமா? இல்லை. நான் படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில் தேர்தல் கடமைக்குப் போனவன். அப்போதெல்லாம் ஜனாதிபதித் தேர்தல் என்றால் 2, 3 என்று எழுதிய சீட்டு கைக்கு வரும்போது ஒரு நொடி பார்ப்போம், முதல் தெரிவுக்காரரின் கட்டில் வைப்போம், அவ்வளவுதான். 1982 முதல் 2019 வரை நடந்த எட்டுத் தேர்தலிலும் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைத் தாண்டிவிட்டார். 1988இல் 50.43 வீதம், 2005இல் 50.29 வீதம் என்று மயிரிழையில் தாண்டிய கதையும் உண்டு, ஆனாலும் தாண்டினார்கள். ஒன்பதாவது தேர்தலில்தான் அந்த 2க்கும் 3க்கும் வேலை வந்தது. விலக்கப்பட்ட ஒருவரின் சீட்டை எடுக்கிற அலுவலர் முதலில் 2ஐத் தேடுகிறார். அது அநுரவுக்கோ சஜித்துக்கோ இருந்தால் அந்தப் பக்கம் வைக்கிறார். இல்லாவிட்டால் 3ஐப் பார்க்கிறார். அதுவும் இல்லாவிட்டால் ஒதுக்கிவைக்கிறார். அதாவது ஒதுக்கும்போதே அவர் சீட்டை முழுமையாகப் பார்த்துவிட்டார். ‘2 இல்லை’ என்று ஒரு தட்டு, ‘2 இருக்கிறது, ஆனால் சேரவில்லை’ என்று இன்னொரு தட்டு வைத்தால் போதும். மூன்று குவியல் நான்காகும். கண் பார்க்க வேண்டியதில் எதுவும் கூடவில்லை.

இனி நீங்கள் அறிவித்த எண்களிலிருந்தே எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்ப்போம். கொஞ்சத் தூரம் போகலாம்.

முதல் எண்ணிக்கையில் அநுரவுக்கு 5,634,915, சஜித்துக்கு 4,363,035. மற்ற 36 பேருக்கும் சேர்த்து 3,321,666. இந்த முப்பத்து மூன்று இலட்சத்தில் இரண்டாம் எண்ணிக்கையில் நகர்ந்தவை எத்தனை? அநுரவுக்கு 105,264, சஜித்துக்கு 167,867, மொத்தம் 273,131. அதாவது 8.2 வீதம். நூறு சீட்டில் எட்டு. மற்றது எல்லாம் நின்ற இடத்திலேயே நின்றது.

அதில் ரணிலின் சீட்டுகள் மட்டும் 2,299,767. நகர்ந்த 273,131 சீட்டும் ரணிலுடையவையே, வேறு எவருடைய சீட்டும் நகரவில்லை என்று அவருக்கு மிகச் சாதகமாக வைத்துக்கொண்டாலும், அவருடைய சீட்டுகளில் குறைந்தது 2,026,636 நகரவில்லை. நூற்றுக்கு 88. இது ஊகம் இல்லை, வெறும் கழித்தல். உண்மையில் இதைவிடக் கூடத்தான் இருக்கும்.

இங்கே இன்னொரு சின்னக் கணக்கு இருக்கிறது. உயர்தரப் பிள்ளைகளுக்குப் புறாக்கூட்டுக் கொள்கை என்று சொல்லிக்கொடுப்போம்: கூடுகளைவிடப் புறாக்கள் கூட என்றால், ஒரு கூட்டிலாவது இரண்டு புறா இருக்கும். 2024இல் களத்தில் பெரிய ஆட்கள் மூவர். அவர்கள் மூவரும் சேர்ந்து 92 வீதத்துக்கு மேல் எடுத்தார்கள். முதலிருவர் அந்த மூவருக்குள்தான் வருவார்கள் என்பது யாருக்கும் தெரிந்ததே. ஒருவர் 1ஐ ஒரு சின்ன வேட்பாளருக்குக் கொடுத்துவிட்டு 2ஐயும் 3ஐயும் இந்த மூவரில் எந்த இருவருக்குக் கொடுத்திருந்தாலும், அந்த இருவரில் ஒருவராவது கடைசி வரை நின்றிருப்பார். மூவரில் ஒருவர்தான் வெளியேற முடியும். ஆகவே மூன்று தெரிவுதான் என்ற எல்லை அந்தத் தேர்தலில் பெரிதாக யாரையும் கட்டிப்போடவில்லை. ரணிலுக்கு 1 கொடுத்தவருக்கோ, 2ஐ மற்ற இரு பெரியவர்களில் ஒருவருக்குக் கொடுத்தாலே போதும். இதை வைத்துத்தான் சொல்கிறேன்: அந்த முப்பது இலட்சத்தில் மிகப் பெரும்பாலானவை 2 என்ற எழுத்தே இல்லாத சீட்டுகள் என்பது என் எண்ணம். எண்ணம்தான். நீங்கள் பிரித்து எண்ணினால் அது கணக்காகிவிடும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது இந்த மடலை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். அநுரவின் வெற்றியைப் பற்றிய முறைப்பாடு அல்ல இது. இரண்டாம் எண்ணிக்கைக்குப் பிறகும் அவர் 1,209,277 வாக்குகளால் முன்னே நின்றார். மிஞ்சிய முப்பது இலட்சமும் பேசியிருந்தால் சஜித் வெல்வதற்கு அதில் கிட்டத்தட்ட 70 வீதம் அவருக்கு வந்திருக்க வேண்டும். நகர்ந்த சீட்டுகளில் அவருக்குக் கிடைத்தது 61.5 வீதம். அதே விகிதத்தில் எல்லாச் சீட்டும் நகர்ந்திருந்தால் அநுர ஏறத்தாழ 69 இலட்சத்து 15 ஆயிரம், அதாவது 51.9 வீதம் எடுத்து வென்றிருப்பார். இரண்டாம் தெரிவு எழுதியவர்களும் எழுதாதவர்களும் ஒரே மாதிரியானவர்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, அது வேறு கதை. ஆனால் பாருங்கள், சீட்டுகள் பேசியிருந்தால் அவர் பதவியேற்றபோது ‘செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல்’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல வாய்ப்பு இருந்திருக்கும். இப்போது அவர் கையில் இருப்பது 43.1 வீதம். அறிவிப்பில் வந்த 55.89 வீதம் என்பது கடைசியில் அந்த இருவருக்கும் போய்ச் சேர்ந்த சீட்டுகளில் மட்டும் எடுத்த பங்கு. கணக்குப் பிழையில்லை. ஆனால் எதன் வீதம் என்று பக்கத்தில் எழுதாத வீதம் எப்போதும் வம்பு. அடுத்த முறை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள்.

எட்டு வீதம் என்பது குறைவா, இந்த முறையில் அப்படித்தான் வருமா என்று நீங்கள் கேட்கலாம். 1990ஆம் ஆண்டு அயர்லாந்தில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. மூவர் போட்டி. பிரையன் லெனிஹன் 694,484, மேரி ராபின்சன் 612,265, ஒஸ்டின் கரி 267,902. யாருக்கும் பாதி இல்லை. கரியை விலக்கி அவருடைய சீட்டுகளைப் பார்த்தார்கள். 205,565 ராபின்சனுக்கு, 36,789 லெனிஹனுக்கு, 25,548 யாருக்கும் இல்லை. முதல் எண்ணிக்கையில் இரண்டாவதாக இருந்த ராபின்சன் 817,830க்கு 731,273 என்று வென்று, அந்த நாட்டின் முதல் பெண் ஜனாதிபதி ஆனார். அங்கே நூற்றுக்குத் தொண்ணூறு சீட்டு நகர்ந்தது. இங்கே எட்டு. அங்கே மூவரே போட்டியிட்டதால் இரண்டாம் தெரிவு எழுதினாலே அது சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிடும். அந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். ஆனாலும் தொண்ணூறும் எட்டும்! அயர்லாந்துக்காரர் தலைமுறை தலைமுறையாக எல்லாத் தேர்தலிலும் 1, 2, 3 எழுதிப் பழகியவர்கள். அவர்களுக்கு அது கைப்பழக்கம். நமக்கு ஐந்து, ஆறு வருடத்துக்கு ஒருமுறை வரும் வேலை, அதுவும் 2024 வரை ஒருதடவைகூடத் தேவைப்படாத வேலை.

நமது குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு அந்தக் கட்சிக்குள்ளே மூன்று பேருக்கு விருப்பு வாக்கு. அங்கே மூன்றும் சமம், வரிசை கிடையாது. ஜனாதிபதித் தேர்தலிலும் அதையே விருப்பு வாக்கு என்கிறோம். இங்கே வரிசைதான் எல்லாமே. 2024இல் செப்டெம்பரில் ஒன்று, நவம்பரில் மற்றது என்று இரண்டு மாதத்துக்குள் இரண்டையும் போடச் சொன்னோம். எங்கள் ஊரில் படித்தவர்களே ‘புள்ளடியும் போட்டு இலக்கமும் போடலாமோ?’, ‘2 போட்டால் 1 பழுதாகிவிடுமோ?’ என்று கேட்டுக்கொண்டு திரிந்தார்கள். பாதுகாப்புக்காகப் புள்ளடி மட்டும் போட்டுவிட்டு வந்தவர்கள் கனபேர்.

இதில் கட்சிகளை நம்பிப் பயனில்லை. வீட்டு வாசலுக்கு வரும் துண்டுப்பிரசுரத்தில் மாதிரி வாக்குச்சீட்டு இருக்கும், அவர்களுடைய சின்னத்துக்கு நேரே கொட்டை எழுத்தில் ஒரு புள்ளடி இருக்கும். மற்ற வரிகள் வெள்ளையாக இருக்கும். முன்னணியில் நிற்கும் கட்சிக்குத் தன் ஆதரவாளர் 2 எழுதுவதால் ஒரு சதத்துக்கும் பயன் இல்லை. அந்தச் சீட்டுகளின் 2 எண்ணப்படவே மாட்டாது. பின்னால் நிற்கும் கட்சிக்கோ, 2 எழுதச் சொல்வது தோல்வியை ஒப்புக்கொள்வது போல. ஆகவே எழுதச் சொல்லும் அக்கறை உள்ள ஒரே தரப்பு நீங்கள்தான்.

அப்போது என்ன சொல்ல வேண்டும்? ஒரு வசனம் போதும், அது கணித ரீதியாக நூற்றுக்கு நூறு உண்மை: ‘நீங்கள் 2 எழுதுவதால் உங்கள் 1க்கு ஒருபோதும் தீங்கு வராது.’ உங்கள் முதல் தெரிவு களத்தில் நிற்கும்வரை 2ஐ யாரும் பார்ப்பதில்லை. பார்க்கும் நேரத்தில் அவர் ஏற்கெனவே வெளியே. அதேபோல 3 எழுதுவது 2ஐக் கெடுக்காது. எல்லா வாக்களிப்பு முறைக்கும் இந்தக் குணம் கிடையாது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சின் போர்டா சொன்ன புள்ளி முறையில், இரண்டாம் இடத்தவருக்குக் கொடுக்கும் புள்ளி உங்கள் முதலாமவரையே தோற்கடிக்கலாம். நம் முறைக்கு அந்தக் குறை இல்லை. இருக்கும் நல்ல குணத்தைச் சனங்களுக்குச் சொல்லாமல் விடுவது வீண்.

ஆனால் தயவுசெய்து அதற்கு மேல் ஒரு படி போய், ‘மனதுக்குப் பிடித்தவருக்கு 1 போடுங்கள், எப்போதும் பாதுகாப்பு’ என்று சொல்லிவிட வேண்டாம். அது உண்மை இல்லை. 2002இல் பிரான்சில் நடந்ததைப் பாருங்கள். அங்கே இரண்டு சுற்று. முதல் சுற்றில் முதலிருவர் மட்டும் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். நம் முறையும் அதேதான், இரண்டு சுற்றையும் ஒரே நாளில் ஒரே சீட்டில் முடித்துவிடுகிறோம். அந்த முறை பதினாறு வேட்பாளர்கள். சிராக் 19.88 வீதம், லு பென் 16.86, ஜொஸ்பின் 16.18. இடதுசாரி வாக்குகள் ஏழெட்டுப் பேருக்குச் சிதறிப் போனதால் பிரதமராக இருந்த ஜொஸ்பின் 194,600 வாக்கால் மூன்றாமிடத்துக்குப் போய், போட்டியிலிருந்தே விழுந்தார். இடதுசாரிகளில் தோபிரா என்ற ஒருவர் மட்டும் ஆறு இலட்சத்துக்கு மேல் எடுத்திருந்தார். இரண்டாம் சுற்றில் சிராக் 82 வீதம். தோபிராவுக்குப் போட்டவர்களில் பலர் ஜொஸ்பினைத்தான் இரண்டாவதாக நினைத்திருப்பார்கள். ஆனால் அவர்களுடைய இரண்டாம் எண்ணத்தைக் கேட்கும் முன்பே ஜொஸ்பினை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. 1970களில் கிபர்ட், சட்டர்த்வெயிட் என்ற இருவர் தனித்தனியாக நிறுவிக்காட்டியதும் இதன் பொது வடிவம்தான்: மூன்று பேராவது வெல்ல வாய்ப்புள்ள போட்டியில், ஒரே ஆளின் விருப்பப்படி முடிவாகும் முறையைத் தவிர, தந்திரமாக வாக்களிக்கவே இடம் கொடாத முறை ஒன்று கிடையாது. ஆகவே ஆணைக்குழு உறுதி கொடுக்கக்கூடியதை மட்டும் கொடுக்கட்டும்.

பிரான்ஸ் கதையின் வேர், எல்லாரையும் ஒரே வெட்டில் வெளியேற்றுவது. அரசியலமைப்பின் 94ஆம் உறுப்புரையும் அதைத்தான் செய்கிறது: மூவருக்கு மேல் போட்டியிட்டால், முதலிருவர் தவிர மற்ற எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே. 2024இல் 36 பேர் ஒரே மூச்சில் போனார்கள். கடைசியில் நிற்பவரை ஒருவர் ஒருவராக விலக்கி, ஒவ்வொரு தடவையும் அவருடைய சீட்டுகளை அடுத்த தெரிவுக்கு மாற்றிக்கொண்டு போனால், சிதறிய வாக்குகள் ஒன்று சேர்ந்து மூன்றாமிடத்தில் இருந்தவர் மேலே ஏற வழி பிறக்கும். சின்னச் சின்னக் கட்சிகளாகப் பிரிந்து கிடக்கும் எங்களைப் போன்ற சமூகங்களுக்கு இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல.

வேடிக்கை என்னவென்றால், அந்த முறை இலங்கைக்குப் புதிதே இல்லை. ஜனாதிபதிப் பதவி இடையில் வெற்றிடமானால் பாராளுமன்ற உறுப்பினர்கள் தங்களுக்குள் வாக்களித்து ஒருவரைத் தெரிவுசெய்யும் சட்டத்தில், கடைசியாக வருபவரை விலக்கி விலக்கி எண்ணும் ஏற்பாடு இருக்கிறது. 2022 ஜூலை 20ஆம் திகதி ரணிலைத் தெரிவுசெய்தபோது 134, 82, 3 என்று முதல் எண்ணிக்கையிலேயே முடிந்ததால் அது யார் கண்ணிலும் படவில்லை. 225 பேருக்கு உள்ள வசதி ஒரு கோடியே எழுபது இலட்சம் வாக்காளருக்கு ஏன் இல்லை என்று கேட்டால், கையால் எண்ணுவது கடினம் என்பார்கள். அது நியாயமான பதில். 38 பேரை ஒருவர் ஒருவராக விலக்கினால், 22 தேர்தல் மாவட்டங்களும் ஒவ்வொரு சுற்றுக்கும் கொழும்பின் அறிவித்தலுக்காகக் காத்திருக்க வேண்டும். சின்ன வேட்பாளர்கள் எல்லாருடைய வாக்கையும் கூட்டினாலும் அடுத்தவரை எட்டாது என்றால் அவர்களை ஒன்றாக விலக்கலாம். அதனால் சுற்றுகள் வெகுவாகக் குறையும். சரி, அது பாராளுமன்றத்தின் வேலை. உங்களிடம் கேட்பது அந்த விவாதத்துக்கு வேண்டிய எண்ணை மட்டுமே.

எண்ணை வெளியிட்டால் முறையின் ஓட்டைகள் தெரிந்துவிடும் என்ற பயம் எங்கும் உண்டு. உண்மைதான், தெரியும். அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் 2022 ஆகஸ்டில் ஓர் இடைத்தேர்தல். பெல்டோலா 75,799, சாரா பேலின் 58,973, பெகிச் 53,810. பெகிச் விலக்கப்பட்டார். அவருடைய சீட்டுகளில் 27,053 பேலினுக்கும் 15,467 பெல்டோலாவுக்கும் போக, 11,290 நின்றுவிட்டது. பெல்டோலா வென்றார். அலாஸ்காவின் தேர்தல் அலுவலகம் சீட்டுகளில் இருந்த வரிசைகளை முழுதாக வெளியிட்டது. கணிதக்காரர்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். பெகிச்சையும் பெல்டோலாவையும் மட்டும் நிறுத்தினால் பெகிச் வெல்கிறார். பெகிச்சையும் பேலினையும் நிறுத்தினாலும் பெகிச்தான். ஒவ்வொருவரையும் நேருக்கு நேர் வெல்லக்கூடிய ஆள் முதலில் வெளியே போயிருக்கிறார்! 1785இல் பிரான்சின் கணிதக்காரர் கொந்தோர்சே எழுதிய அளவுகோலின்படி பார்த்தால் வென்றிருக்க வேண்டியவர் அவர். மாநிலம் இடிந்து விழவில்லை. சனங்கள் முறையைப் பற்றிச் சண்டைபோட்டார்கள். 2024 நவம்பரில் அதை ஒழிப்பதா என்று வாக்கெடுப்பு வைத்து, ஆயிரத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில் வைத்திருக்கத் தீர்மானித்தார்கள்.

நம் தேர்தலில் அநுர, சஜித், ரணில் மூவரில் நேருக்கு நேர் யார் யாரை வென்றிருப்பார்? யாராலும் சொல்ல முடியாது. அநுரவுக்கும் சஜித்துக்கும் விழுந்த ஒரு கோடி சீட்டுகளில் இருந்த இரண்டாம் தெரிவை எண்ணத் தேவை வரவில்லை, எண்ணவும் இல்லை. அது முறையின் இயல்பு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதற்காக, அலாஸ்காவைப் போல ஒவ்வொரு சீட்டின் வரிசையையும் வெளியிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இங்கே அது ஆபத்து. 38 வேட்பாளர், மூன்று தெரிவு என்றால் சீட்டை நிரப்ப 38 + 1,406 + 50,616, மொத்தம் 52,060 வழி இருக்கிறது. ஒரு வாக்கெண்ணும் மண்டபத்தில் இருக்கும் சீட்டுகளைவிட அது பல மடங்கு அதிகம். ஊர்ச் சண்டியன் ஒருவன், ‘எங்கள் ஆளுக்கு 1 போடு, இந்தப் பெயர் தெரியாதவருக்கு 2, அந்தப் பெயர் தெரியாதவருக்கு 3, நாளைக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பேன்’ என்று சொன்னால் போச்சு. இரகசிய வாக்கு இரகசியமாக இராது. காசு கொடுத்து வாக்கு வாங்குபவனுக்கும் அதே பற்றுச்சீட்டு. ஆகவே கூட்டுத்தொகைகள் மட்டும் போதும், அதுவும் தேர்தல் மாவட்ட மட்டத்தில் போதும். 160 தொகுதிகளுக்கும் இறங்க வேண்டியதில்லை.

எந்த முறையிலும் குறை இருக்கும், பொருளியலாளர் கென்னத் ஆரோவே 1951இல் நிறுவிவிட்டார், ஆகவே இருப்பதை விட்டுவிடுங்கள் என்று சொல்பவர்களையும் சந்தித்திருக்கிறேன். ஆரோவின் தேற்றம் சொல்வது, வரிசைப்படுத்தும் முறைகளில் சில நியாயமான நிபந்தனைகள் எல்லாவற்றையும் ஒருசேர நிறைவேற்றும் முறை கிடையாது என்பதுதான். எல்லா முறையும் ஒரே அளவு கெட்டது என்று அவர் சொல்லவில்லை. நூற்றில் எட்டுச் சீட்டு மட்டும் நகர்வதற்கும் ஆரோவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது விளக்கம் போதாமை.

நிராகரிக்கப்படும் வாக்குகள் கூடிவிடுமே என்ற உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. இலக்கம் எழுதச் சொன்னால் பிழைவிடுபவர்கள் கூடலாம். 2024இல் நிராகரிக்கப்பட்டவை 2.2 வீதம். ஆனால் மிஞ்சியவை செல்லுபடியான வாக்குகளில் 22.9 வீதம், பத்து மடங்கு. ஒன்றைக் காக்கப் போய் மற்றதை விட்டுவிடுகிறோம். வாக்களிப்பு நிலையத்து வாசலில் பெரிய எழுத்தில் ஏழெட்டு மாதிரிச் சீட்டுகளின் படம் ஒட்டுங்கள். இது செல்லும், இது செல்லும், இது செல்லாது என்று. புள்ளடி மட்டும், 1 மட்டும், 1உம் 2உம், 1உம் 2உம் 3உம், இரண்டு புள்ளடி, 2 மட்டும், புள்ளடியோடு 2. கடைசிப் படத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். மூன்று மொழியிலும் போடுங்கள், தமிழை எழுத்துப்பிழையில்லாமல் போடுங்கள்.

நான் கேட்கும் அட்டவணையின் மாதிரி ஒன்றைத் தபாலில் தனியாக அனுப்பியிருக்கிறேன். விலக்கப்பட்ட வேட்பாளர் ஒருவருக்கு ஒரு வரி, 2024க்குப் போட்டுப் பார்த்தால் 36 வரி. நிரல்கள் நான்கு: முதலாமவருக்குப் போனது, இரண்டாமவருக்குப் போனது, 2 எழுதாதது, 2 எழுதியும் சேராதது. மாவட்டத்துக்கு ஒரு பக்கம், 22 பக்கத்தில் நாடே அடங்கும். அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029இல் வரவேண்டும். எண்ணும் அலுவலர்களுக்கான கைந்நூலை அதற்கு முன் எப்படியும் திருத்துவீர்கள். நான்காவது தட்டை அதில் சேர்க்க ஒரு பந்தி போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
வடமராட்சி.